ஊருக்குப் போன இடத்தில் உதட்டுக் கொப்புளம்: மருந்துக்கடை முதல் அழகு நிலையம் வரை

விமானத்தில் கெட்டுப்போன தூக்கம், இறங்கியதும் முகத்தில் அறையும் வெயில், நாள் முழுக்க அலைச்சல், நடுவில் ஒரு சளிக்காய்ச்சல். உதட்டுக் கொப்புளத்தைக் கிளப்பிவிட இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இதற்குக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 380 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெரும்பாலும் சிறு வயதில் ஒட்டிக்கொள்வது, பிறகு முக நரம்பின் முடிச்சொன்றில் ஒடுங்கிக் கிடக்கும். உடம்பு தளரும்போதோ உதடு வெயிலில் காயும்போதோ அதே நரம்பு வழியாக இறங்கி வரும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் கொப்புளம் வருவது இதனால்தான்.

ஊரில் கிடைக்கும் எந்தச் சேவையைப் பற்றிப் பேசுவதென்றாலும் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் உதட்டில் ஒரு குறுகுறுப்பு, லேசான எரிச்சல், தோல் இழுத்துப் பிடித்ததுபோல் ஒரு இறுக்கம். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் சிவந்து தடித்து, நீர்க்கோத்த சின்னக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். அவை உடைந்து புண்ணாகி, பொருக்குத் தட்டி, 7 முதல் 10 நாளில் ஆறும். நம்மிடம் உள்ள மருந்துகள் வைரஸ் பெருகுவதை நிறுத்துமே தவிர, வந்த புண்ணை மூடாது. பெருக்கம் உச்சத்தில் இருப்பது முதல் ஓரிரு நாள். குறுகுறுப்பு தெரிந்த உடனே விழுங்கிய மாத்திரைக்கு இருக்கும் பலன், பொருக்குத் தட்டியபின் விழுங்கியதற்கு இருக்காது. ஆகவே கொப்புளம் வந்தபின் கடை தேடி ஓடுவது பாதி தோற்ற ஆட்டம். புறப்படும் முன்பே மருத்துவரிடம் சீட்டு வாங்கி, ஒரு முறைக்கான மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டுவிட்டால் அது வந்து சேரும்வரை மருந்தும் வராது.

மாத்திரைகளில் வசதியானது வலசைக்ளோவிர். பெரியவர்களுக்கு 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அத்தோடு சரி. 500 மில்லிகிராம் மாத்திரையானால் ஒரு வேளைக்கு நான்கு. நான்கா என்று மலைத்து ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் உண்டு; அது பாதி மருத்துவம்கூட இல்லை. ஃபாம்சிக்ளோவிர் என்றால் 1500 மில்லிகிராம் ஒரே வேளை. பழைய அசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 5 தடவை, 5 நாள். மலிவானது, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பயணத்தில் ஐந்து வேளையும் நினைவாக விழுங்குவதுதான் பாடு. எதை எடுத்தாலும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருப்பதால், அவர்கள் இந்தக் கணக்குகளைத் தாமாகப் பின்பற்றக் கூடாது. கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

மருந்துக்கடையில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, "வாயில் புண்" என்று பொதுவாகச் சொன்னால் வைட்டமின் பி மாத்திரையும் வாய்க்குள் தடவும் ஜெல்லும் கைக்கு வரும். அவை வாயின் உட்புறம் வரும் சாதாரண வாய்ப்புண்ணுக்கானவை. அது ஒட்டுவதும் இல்லை, இந்த வைரஸால் வருவதும் இல்லை. உதட்டுக்கு வெளியே, ஓரத்தில், குறுகுறுத்து, கொத்தாக நீர்க்கொப்புளம் என்று நாலு வார்த்தையில் சொல்லி, மருந்தின் மூலப்பெயரை எழுதிக் காட்டுங்கள். வெளிநாட்டில் வாங்கும் வணிகப்பெயர் இங்கே பழக்கமில்லாமல் இருக்கலாம். இரண்டாவது, அசைக்ளோவிர் களிம்பில் 5 சதவீதம் தோலுக்கு, 3 சதவீதம் கண்ணுக்கு. டியூப் ஒன்றுபோலவே இருப்பதால் அட்டையில் உள்ள சதவீதத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். மூன்றாவதுதான் மோசம்: ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பு. தடவினால் சிவப்பும் எரிச்சலும் சீக்கிரம் அடங்கும். அந்த இடத்தின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்குவதால் வைரஸ் தங்குதடையின்றிப் பரவும். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர் ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

களிம்பு மட்டும் போதுமா என்று கேட்டால், பலன் சிறிதுதான். ஆறும் காலம் அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள் குறையும். அசைக்ளோவிர் களிம்பை விழித்திருக்கும் நேரத்தில் 4 மணிக்கொரு தரம், நாளைக்கு 5 முறை, 4 அல்லது 5 நாள் வைக்க வேண்டும். பென்சிக்ளோவிர் என்றால் 2 மணிக்கொரு தரம், 4 நாள். காலையும் இரவும் மட்டும் தடவினால் பயனில்லை. தேய்க்காமல் ஒற்றி வைத்து, முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். டியூபின் வாயைப் புண்ணில் நேரடியாகத் தொடவிடாமல் பஞ்சுக்குச்சியில் எடுப்பது நல்லது. அசைக்ளோவிர் களிம்பை 25 டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டும். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவந்த டியூபில் எண்ணெய் தனியாகப் பிரிந்து வடிந்தால் தூக்கிப் போடுங்கள்.

பற்பசை, உப்பு, எலுமிச்சை, ஆல்கஹால் எதுவும் வேண்டாம். தோல் வெந்து புண் பெரிதாகும். வலிக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி சில நிமிடம், தேவைப்பட்டால் பாராசிட்டமால். பொருக்கு வெடிக்காமல் இருக்க வாசலின் மெல்லியதாக. பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் கசியும், ஆறுவதும் தள்ளிப்போகும்.

மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே கைபேசியில் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருக்கான பிறகு பார்த்தால், தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் பாக்டீரியாப் புண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். எப்போது தொடங்கியது, வருடத்துக்கு எத்தனை முறை, வேறென்ன மருந்து என்ற மூன்றும் நாக்கு நுனியில் இருக்கட்டும். சீட்டில் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு 5 முறை, 7 நாள் என்று இருந்தால் அது வழக்கமாக உடம்பில் பட்டையாக வரும் அக்கிக்கான அளவு. எனக்கு எதற்கு என்று மரியாதையாகக் கேட்கலாம். சீழோ பரவும் வீக்கமோ இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது.

ரத்தத்தில் ஹெர்பிஸ் எதிர்ப்பொருள் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கிறது என்றே வரும். இந்தப் புண் அதனால் வந்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை. உண்மையிலேயே சந்தேகமானால் புதிய கொப்புளத்தின் நீரைத் தொட்டெடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை பார்க்க வேண்டும், அதுவும் பொருக்காகும் முன்.

ஊருக்கு வந்த கையோடு பல்லையும் பார்த்துவிடலாம் என்று நேரம் வாங்கியிருப்பவர்கள், புண் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். வாயை இழுத்துப் பிடிக்கும்போது புண் கிழியும். மருத்துவரின் விரலுக்கும் கண்ணுக்கும் தொற்றலாம். பல் வைத்தியமே கொப்புளத்தைக் கிளப்புவதும் உண்டு, அடிக்கடி வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லித் தடுப்பு மாத்திரை கேளுங்கள். மேலுதட்டு முடி அகற்றுதல், உதட்டில் நிறம் குத்துதல், முக லேசர் இவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

தடுப்பில் மலிவானது உதட்டுக்கான வெயில் களிம்பு. வெயிலைத் தடுக்கும் அளவைக் குறிக்கும் எஸ்பிஎஃப் எண் 30 அல்லது அதற்கு மேல், வெளியே இருக்கையில் 2 மணிக்கொரு தரம், சாப்பிட்டு வாய் துடைத்தபின் மறுபடியும். வருடத்துக்கு 6 முறைக்கு மேல் வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் தினமும் வலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை, அல்லது அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரு வேளை தருகிறார்கள். பயணக் காலத்துக்கு மட்டும் இதைக் கேட்டு வாங்கலாம். லைசின் என்ற அமினோ அமில மாத்திரைக்கு நம்பத்தக்க ஆதாரம் போதாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஊரில் பிறந்திருக்கும் குழந்தையைப் பார்க்கப் போவது. குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து தோல் முழுதும் ஆறும்வரை இது ஒட்டும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குத் தொற்றினால் மூளை, ஈரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகும். முத்தம் கூடாது, தூக்கும் முன் கை கழுவ வேண்டும். கொப்புளம் இருக்கும் நாளில் போகாமலே இருப்பது உத்தமம். யார் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள பிள்ளைகளிடமும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களிடமும் இதே கவனம் தேவை.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை கெடலாம், வீட்டில் இருக்கும் எந்தச் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் புண் ஆறும்வரை கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. புண் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, முகத்தின் வேறு பகுதிக்குப் பரவினாலோ, விழுங்க முடியாமல் காய்ச்சல் அடித்தாலோ திரும்பி வரும் விமானத்துக்குக் காத்திருக்காமல் ஊரிலேயே காட்டிவிடுங்கள்.