ரேழியில் சிக்கிய சோபா

டொராண்டோவிலிருந்து கும்பகோணம் வந்து சேர்ந்த கதை வேண்டாம். விமானம், டாக்சி எல்லாம் நேரத்துக்கு நடந்தன. நான் எழுத உட்கார்ந்தது ஒரு சோபாவைப் பற்றி.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவால் பாயில் உட்கார முடிவதில்லை. ஊஞ்சல் ஆடுவதால் எழுந்திருக்கப் பயம். சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட்டால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். வந்த மூன்றாம் நாளே பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். நிறம் காட்டினார்கள், டம்ளர் வைக்கக் குழி காட்டினார்கள், "நாற்பது டென்சிட்டி மேடம்" என்றார்கள். யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டொராண்டோ அடுக்ககத்துக்கு ஒரு மேசை வாங்குவதென்றால் கூட லிப்ட் கதவை அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். பிறந்த வீட்டை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி மாலை ஆறுக்கு வந்தது. எங்கள் வாசல் நிலையின் அகலம் 34 அங்குலம். சோபாவின் உயரம் 36, ஆழம் 38. செங்குத்தாக நிறுத்திச் சாய்த்து எப்படியோ நிலையைத் தாண்டிவிட்டார்கள். வாசலை அடுத்த குறுகிய நடையான ரேழியிலிருந்து கூடத்துக்குத் திரும்பும் இடத்தில் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் அம்மா கூடத்துக்குள், நான் திண்ணையில், நடுவே சோபா. வாசலில் விளக்கு வைக்க அம்மாவால் வர முடியவில்லை. கடைசியில் பக்கவாட்டுத் துணி நிலையின் பித்தளைக் குமிழில் கிழிய, வெளியே இழுத்துத் திண்ணையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். பில்லின் அடியில் பார்க்கச் சொன்னார்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." கனடாவில் எத்தனை முறை எதையெல்லாம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், ஒரு கேள்வி இருந்ததில்லை!

அதைவிட வலித்தது அடுத்த நாள் காலை. திண்ணையில் கிடந்த சோபாவில் அப்பா ஆசையாக உட்கார்ந்தார். தரையிலிருந்து 15 அங்குலம்தான் இருக்கை. உட்கார்ந்ததும் இன்னும் மூன்று அங்குலம் அமுங்கியது. எழ முடியாமல் என் தோளைப் பிடித்தார். பிடித்த கை நடுங்கியது.

அம்மாதான் அடுத்த தெருவில் குஷன் வேலை செய்பவரை வரவழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா எங்கே?" மர நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் வைத்தார். பதினேழரை அங்குலம். "அமுங்கியது போக பதினெட்டரை நிற்க வேண்டும், ஐயா. தாழ்ந்தால் முழங்கால்தான் சுமக்கும்." இருக்கையின் ஆழம் இருபது அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, முதுகு அந்தரத்தில் நிற்கும் என்றார். கைப்பிடி முன்பக்கம் வரை நீள வேண்டும், ஊன்றி எழுவதற்கு. பிறகு ரேழியை அளந்தார்.

கடை சோபாவின் மெத்தையைக் கையில் தூக்கிப் பார்த்தவர், உறையைக் கழற்றி மளிகைக்கடைத் தராசுக்கு என்னை அழைத்துப் போனார். நாற்பது டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் நுரைக்கு நாற்பது கிலோ எடை. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், அரையடி கனம் உள்ள மெத்தை இரண்டே கால் கிலோவாவது இருக்க வேண்டும். தராசு காட்டியது 1 கிலோ 300 கிராம். பில்லில் நாற்பது என்று எழுதியிருக்கிறது. அந்தப் பில்லை வைத்து நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இங்கே இருப்பவர்கள் அதைச் சும்மா விட்டுவிட வேண்டாம்.

பரணில் கிடந்த பழைய தேக்குக் கட்டிலை இறக்கிச் சட்டம் செய்தார். ரெக்ஸின் வேண்டாம், வெயிலில் முதுகு ஒட்டும் என்று சொல்லி, கழற்றித் துவைக்கும்படி பருத்தி உறை தைத்தார். இருவர் உட்கார ஒன்று, தனியாக ஒன்று. ஆறு நாள் கேட்டார், ஆறாம் நாள் கொண்டுவந்தார். ரேழியில் நேராக நடந்து போய்க் கூடத்தில் இறக்கினார்கள். டொராண்டோவில் ஒவ்வொரு சோபாவிலும் அளவுச் சீட்டு தொங்கும். உட்காருபவரின் காலை அளந்து சோபா செய்யும் ஒருவரை அங்கே எந்தத் தெருவில் போய்த் தேடுவேன்?

நான் கிளம்பும் நாள் காலை, பேப்பர் போடும் பையனின் சைக்கிள் மணி கேட்டது. நான் எழுவதற்குள் அப்பா கைப்பிடியை ஊன்றி எழுந்து வாசலுக்குப் போயிருந்தார்.