உறைக்குள் துருப்பிடித்த கத்தி: ஆறு ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் பொள்ளாச்சியில் சாணை பிடிப்பவரிடம் என் கத்தியைக் கொடுத்தபோது, அலகைத் திருப்பிப் பார்த்த கணமே, "ஏனுங்க, உறைக்குள்ளயே போட்டு வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். நுனிக்கு அருகில் துரு அரித்த குழிகளை எடுத்து முடிப்பதற்குள் அலகில் ஒரு நூல் குறைந்துவிட்டது. கூலியைக் காட்டிலும் அந்த ஒரு நூல்தான் எனக்கு வலித்தது.

லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிப் பட்டறையில் அடித்த கத்தி அது. 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால்தான் எவர்சில்வர் என்பதும், அது இல்லாத இரும்பு துருப்பிடிக்கும் என்பதும் தெரிந்தே வாங்கினேன். வாழைப்பூ நறுக்கினால் அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு துரு அன்று, சிவப்புத் துருவை ஓரளவு தள்ளியும் போடும். எனவே இரும்பின் மேல் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம், கத்தியின் விலையில் பாதியைக் கொடுத்துத் தனியாகத் தைத்து வாங்கிய தோல் உறையின் மேல்தான்.

பார்க்க அழகான உறை. ஆனால் தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அலகின் மேல் அணைத்தே வைத்திருக்கும். பதனிட்ட உப்பும் துவர்ப்பும் அதிலேயே தங்கியிருக்கும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும் எங்கள் பக்கத்தில் இது போதாதா? முதல் ஆண்டு நீலக்கறுப்பாகக் கறை படிந்தது. இரண்டாம் மழைக்காலத்தில், உறையின் பித்தளைக் குமிழ் அலகில் படும் இடத்தில் சிவப்பாகக் குழி விழுந்தது. ஈரத்தோடு பித்தளை தொட்டால் இரும்புதான் முதலில் அரிக்கப்படும் என்பது உறை தைத்தவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெயிலும் தடுமாறினேன். அடிக்கடி எடுக்கும் கத்திக்கு வீட்டுத் தேங்காயெண்ணெயே போதும். மாதக்கணக்கில் விட்டால் சிக்கு வாடை வந்துவிடுகிறது. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாக இறுகி, துடைக்கவே ஒரு பொழுது பிடித்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்தான் கடைசியில் நிலைத்தது: கெடுவதில்லை, வாடையில்லை, இரண்டு சொட்டைத் துணியில் தொட்டுப் பூசினால் அலகு முழுவதற்கும் காணும். ஆனால் ஈரத்தின் மேல் பூசினால் எந்த எண்ணெயும் ஈரத்தை உள்ளே வைத்து மூடத்தான் செய்யும். கழுவித் துடைத்துச் சற்று நேரம் வெயில் காட்டிய பிறகே பூசுகிறேன். அதன்பின் விரல் பட்டால் மறுபடி துடைத்துவிடுகிறேன், வியர்வையில் இருப்பதும் உப்புதான். செய்தித்தாளில் சுற்றுவதையும் விட்டுவிட்டேன். காகிதமும் ஈரம் குடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஆயுத பூசையன்று கத்திக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மறுநாள் வரை தொடாமல் விட்டதில், பொட்டின் அடியில் வட்டமாகத் துரு. இப்போது பொட்டைக் கைப்பிடிக் கட்டையில் வைக்கிறோம்; சாமி ஒன்றும் சொல்லவில்லை.

சின்ன வெங்காயத்தை இதைப் போல நசுங்காமல் அரியும் கத்தி எங்கள் வீட்டில் வேறில்லை. ஆயினும் வாங்கலாமா என்று கேட்ட பங்காளிக்கு எவர்சில்வரையே வாங்கச் சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டில் கத்தி இரவெல்லாம் தண்ணீர்த் தொட்டியில்தான் கிடக்கும். என்னுடையது இப்போது அடுக்களை மேடைக்கு எட்டத்தில், காற்றாடும் மரச்சட்டத்தில் வெற்றாக நிற்கிறது. உறை மட்டும் ஆணியில் தொங்குகிறது. கொடுத்த விலையை நினைத்தால் எறிய மனம் வரவில்லை.