பின்னலாடை யூனிட்டுக்கு ஈ.ஆர்.பி. வாங்கவிருப்போர் கவனத்திற்கு

திருப்பூரில் நாற்பது தையல் இயந்திரங்களுடன் பின்னலாடை யூனிட் நடத்திவரும் நான், நூல் கொள்முதல் முதல் அட்டைப்பெட்டி கட்டுவது வரை அனைத்தையும் ஒரே மென்பொருளில் அடக்கிவிடலாம் என்ற பேச்சை நம்பி, சென்ற ஆண்டு 4,80,000 ரூபாய்க்கு ஓர் ஈ.ஆர்.பி. வாங்கினேன். விற்ற நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் அதே செயல்விளக்கம் எங்கள் வீதியில் வேறு இரண்டு யூனிட்டுகளிலும் இப்போது நடந்துவருவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

செயல்விளக்கத்தின்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாய லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதிக்கு இடும் எண், இருக்க வேண்டிய கட்டத்தில் 'ஹீட் நம்பர்' என்று இருந்தது. அது வார்ப்படப் பட்டறையில் ஒவ்வொரு முறை உலோகத்தை உருக்கும்போதும் இடும் எண். கேட்டதற்கு, "பேரை மட்டும் மாத்திக் குடுத்துடறோம் சார்" என்றார் வந்தவர். உதிரிபாகத் தொழிற்சாலைக்கு எழுதிய மென்பொருளைத்தான் பெயர்ப்பலகை மாற்றி என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

உதிரிபாகம் நூறு அனுப்பினால் நூறாக எண்ணி வாங்கலாம்; துணி அப்படியன்று. சாயமேற்றாத 640 கிலோ கிரே துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பினோம். சாயமேற்றி, பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங்கும் முடிந்து 589 கிலோ வந்தது. நிறத்துக்கும் துணி ரகத்துக்கும் ஏற்ப பிராசஸ் லாஸ் எனப்படும் இந்த எடை இழப்பு கூடும், குறையும் என்பது இவ்வூரில் எல்லோரும் அறிந்ததே. மென்பொருளோ மீதி 51 கிலோவும் இன்னும் பட்டறையிலேயே கிடப்பதாகக் கணக்கு வைத்துக்கொண்டது. ஐந்து மாதங்களில் இவ்வாறு இல்லாத துணி இரண்டு டன்னைத் தாண்டியது. ஜாப் ஒர்க்கிற்கு, அதாவது வெளியில் கூலிக்குச் செய்துவாங்க, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி விதிக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஜாப் ஒர்க்கிற்கு அனுப்பியதையும் திரும்பியதையும் காட்டும் ஐடிசி-04 படிவத்துக்காக மென்பொருளின் அறிக்கையைப் பார்த்த ஆடிட்டர், "இவ்வளவு துணியும் எங்கே இருக்கிறது?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கூலிக் கணக்கிலும் இதே கோளாறுதான். வெட்டிய துணித் துண்டுகளின் ஒரு கட்டு, ஓவர்லாக் தையல் முடிந்து அடுத்த தையலான பேட்லாக்கிற்குப் போக வேண்டும். ஆனால் முதல் ஸ்கேனிலேயே அக்கட்டு முடிந்துவிட்டதாக மென்பொருள் பதிந்துகொண்டது. முதல் சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், வாரம் முழுவதும் உழைத்த பேட்லாக் டெய்லர்கள் ஆறு பேருக்கு நேராகப் பூஜ்யம். தங்கள் குறிப்பு நோட்டுகளை அவர்கள் மேசைமேல் வைத்தார்கள். அவற்றைப் பார்த்தே கூலி கொடுத்தோம், இரவு பத்தரை மணி ஆகிவிட்டது.

பணம் போன வழியையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தப்படி முன்பணம் 50 சதவீதம், 'நிறுவியதும்' 40 சதவீதம். கணினியில் ஏற்றிவிட்டாலே நிறுவியதாகிவிடும் என்று கடைசிப் பக்கத்தில் விளக்கம் இருந்ததை நான் படிக்கவில்லை. ஒரே ஒரு ஆர்டர்கூட அதில் ஓடாத நிலையில், மூன்றே வாரத்தில் 4,32,000 ரூபாய் கைமாறிவிட்டது. அதன்பின் கேட்ட திருத்தம் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 6,500 ரூபாய் என்றார்கள். ஏற்கெனவே முடித்த உங்கள் ஆர்டர் ஒன்றின் டெலிவரி சலான்களை அவர்கள் முன் வைத்து, நூலிலிருந்து பேக்கிங் வரை அதைப் பதிந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் முன்பணம் கொடுக்காதீர்கள். எனக்கு இதற்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்திருக்கும்.

பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தியதும் உள்நுழைவை முடக்கிவிட்டார்கள். தரவு முழுவதும் அவர்களுடைய சர்வரில் இருந்தது. எக்செல் கோப்பாகக் கேட்டோம். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு 1,100 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பி.டி.எஃப். வந்தது, அதிலும் லாட் எண்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. எங்கள் அலுவலகப் பெண் பழைய சலான் புத்தகங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துவருகிறார். இன்னும் இரண்டு மாதக் கணக்கு பாக்கியிருக்கிறது.