அழைப்பவர் பெயரைச் சொல்லும் வீடு: வெள்ளவத்தையிலிருந்து ஒரு பாவனை அனுபவம்

அம்மாவுக்கு முழங்கால் வலி. குசினியிலிருந்து எழுந்து வருமுன், தொலைபேசியில் அழைப்பது உறவினரா, எதையாவது விற்க முனைபவரா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை நிறுவி, அழைப்பவரின் இலக்கத்தைப் படிக்கும் ஒரு யூஎஸ்பி மோடத்தை வீட்டுத் தொலைபேசி இணைப்பில் பொருத்தினேன். அந்த இலக்கத்துக்குரிய பெயரை ஸ்பீக்கர் உரக்கச் சொல்லும். சில வருடப் பாவனைக்குப் பிறகு உறுதியாகச் சொல்வேன்: அறிவிப்பு நின்றுபோனால், ஹோம் அசிஸ்டன்டைக் குடைவதற்கு முன் தொலைபேசி வயரில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

செப்புக் கம்பி இருந்தவரை குறையே இல்லை. ஃபைபர் (ஒளியிழை) இணைப்புக்கு மாறிய அன்றே குரல் நின்றது. அழைப்பவர் இலக்கத்தைக் காட்டச் சொல்லும் ஏடி+விசிஐடி=1 (AT+VCID=1) என்ற கட்டளையை மோடத்துக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டு, கைப்பேசியிலிருந்து வீட்டுக்கு அழைத்தேன். முதல் இரண்டு 'ரிங்' வரிகளுக்கு நடுவே திகதியும் நேரமும் இலக்கமும் விழ வேண்டும். வெறும் 'ரிங்' மட்டுமே வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது. அதே நேரம் மேசைத் தொலைபேசியின் சிறு திரையில் என் இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் இலக்கம் வீடுவரை வருகிறது, மோடத்துக்குத்தான் அது விளங்கவில்லை.

அழைப்பவர் இலக்கத்தை அனுப்ப இரண்டு முறைகள் உண்டு. எஃப்எஸ்கே (FSK) முறையில், இரண்டு அதிர்வெண்களுக்கிடையே மாறும் ஒலியாக, பொதுவாக முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட மௌனத்தில், விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் அது போகும். டிடிஎம்எஃப் (DTMF) முறையிலோ, நாம் விசைகளை அழுத்தும்போது எழும் அதே ஒலிகளாக, பெரும்பாலும் முதல் மணிக்கு முன்பே போய்விடும். புதிய ஃபைபர் பெட்டி டிடிஎம்எஃப்பில் பேசியது, என் மோடம் எஃப்எஸ்கே மட்டுமே அறிந்தது. வீட்டுக்கு வந்த தொழில்நுட்பவியலாளர் பெட்டியின் அமைப்பில் ஒரேயொரு தெரிவை மாற்றினார், குரல் திரும்பியது. பொறுமையாகக் கேட்டு உதவிய அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எஃப்எஸ்கே முறையில் முதல் மணியிலேயே அறிவிப்பைத் தூண்டக் கூடாது. அப்போது இலக்கம் இன்னும் வந்திருக்காது. ஹோம் அசிஸ்டன்டில் மோடத்தின் நிலையைக் காட்டும் சென்சர் 'காலர்ஐடி' என்று மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் இலக்கத்தின் வடிவம். ஒரே உறவினரின் கைப்பேசி ஒருநாள் 077 என்றும் இன்னொருநாள் 9477 என்றும் தொடங்கும். கடைசி ஒன்பது இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஏழாகக் குறைத்தால் கொழும்பின் 011 உம் யாழ்ப்பாணத்தின் 021 உம் குழம்பிவிடும்.

குரலுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். ஆங்கில எழுத்தில் சேமித்த பெயர்களைத் தமிழ்க் குரல் கடித்துத் துப்பியது. எல்லாவற்றையும் தமிழில் மாற்றி எழுதினேன். ஓய்விலிருந்து விழிக்கும் ஸ்பீக்கர் முதல் அசைகளை விழுங்கிவிடும், "பெரியம்மா" வெறும் "யம்மா" ஆகிவிடும். பெயருக்கு முன் ஒரு சிறு மணியோசை சேர்த்ததும் அது சரியானது. இணையம் அறுந்தால் புதிய பெயர்களுக்குக் குரல் கிடைக்காது என்பதால், அடிக்கடி அழைப்பவர்களின் பெயர்களை மகளின் குரலில் பதிந்து வைத்திருக்கிறேன். கடற்கரை ரயில் கடந்து போகும்போதும் அம்மாவுக்கு அந்தக் குரல்தான் தெளிவாகக் கேட்கிறது.

மின்வெட்டுக்குப் பிறகு கணினி மோடத்துக்கு இடும் முகவரி டிடிஒய்ஏசிஎம்0 (ttyACM0) இலிருந்து டிடிஒய்ஏசிஎம்1க்குத் தாவுவதும் உண்டு. சாதனத்தின் அடையாளப் பெயரைக் கொண்ட நிலையான பாதையைக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தீராதது ஒன்று உண்டு. டொரன்டோவிலிருந்து மலிவு வழிகளில் வரும் அழைப்பு சிலவேளை அறிமுகமில்லாத உள்ளூர் இலக்கத்தோடு வந்திறங்குகிறது. அதை வீட்டிலிருந்து திருத்த வழியில்லை. இலக்கத்தைப் போலியாகக் காட்டவும் முடியும். ஆகவே யார் பெயர் ஒலித்தாலும், வங்கி விபரமோ ஓடிபியோ கேட்டால் உடனே வைத்துவிடும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.