எதிரிக் கப்பலை மறைப்பதா, காட்டுவதா? விண்வெளிப் போர் ஆட்டங்களில் ஓர் ஒப்பீடு

மேசையில் ஆடும் விண்வெளிப் போர் ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வாக்குவாதமும் வந்துவிடும். எதிரியின் கப்பல்களைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? எல்லாம் தெரிந்தால் போர் மாதிரியே இல்லை என்கிறது ஒரு கட்சி. எதுவும் தெரியாவிட்டால் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறது மறு கட்சி.

இரண்டு கட்சியும் மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. கப்பல் எங்கே நிற்கிறது என்பது ஒன்று. அது என்ன கப்பல் என்பது இன்னொன்று. அதை நடத்துபவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பது மூன்றாவது. என் கருத்தில், நேருக்கு நேர் மோதும் ஆட்டத்துக்கு மூன்றாவதை மறைத்தாலே போதும்.

ஸ்டார் வார்ஸ் படங்களின் சிறு போர்க்கப்பல்களை வைத்து ஆடும், 2012இல் வந்த எக்ஸ்-விங் இதற்கு நல்ல சாட்சி. எதிராளியின் விமானி அட்டை, ஆயுத அட்டை எல்லாம் மேசையில் திறந்தே கிடக்கும். மறைந்திருப்பது ஒவ்வொரு கப்பலுக்கும் அவர் கவிழ்த்து வைக்கும் டயல், அதாவது அடுத்த நகர்வைக் குறிக்கும் வட்டத் தட்டு, மட்டும்தான். மற்றதெல்லாம் தெரிவதால்தான் அந்த டயலை ஊகிப்பது சூதாட்டமாகாமல் கணக்காக இருக்கிறது. டை ஃபைட்டர் என்ற சிறு கப்பலால் ஒன்றாம் வேகத்தில் நேராகப் போக முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஆகவே அதன் எதிரே ஒரு பாறை நெருக்கமாக இருந்தால் அது திரும்பித்தான் ஆக வேண்டும். போன சுற்றில் அது சிவப்பு நகர்வு, அதாவது கடினமான நகர்வு, செய்து அதற்கான அழுத்த டோக்கன் வாங்கியிருந்தால், இந்தச் சுற்றில் இன்னொரு சிவப்பு நகர்வு கிடையாது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் இரண்டு மூன்று வழிகள்தான் மிஞ்சும். அவற்றில் எது என்பதற்குத்தான் எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் படிக்க வேண்டும். அட்டைகளையும் மறைத்திருந்தால் கழிப்பதற்கே எதுவும் இருக்காது. அப்புறம் குத்துமதிப்புதான்.

இதில் நான் மிகவும் ரசிப்பது நகரும் வரிசை. திறன் குறைந்த விமானி முதலில் நகர்வார், கூடியவர் பிறகு நகர்ந்து முதலில் சுடுவார். எல்லா டயல்களும் முன்பே வைக்கப்பட்டுவிட்டாலும், கடைசியில் நகர்பவர் மற்றவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று பார்த்தபின் பேரல் ரோல் அடித்து, அதாவது பக்கவாட்டில் உருண்டு விலகி, தப்பலாம். எதிரியைப் பற்றிய தகவலே திறமைக்குக் கிடைக்கும் கூலியாகிறது.

2015இல் வந்த ஆர்மடா என்ற ஸ்டார் வார்ஸ் ஆட்டம் இதே எண்ணத்தைப் பெரிய கப்பல்களுக்குக் கொண்டுபோனது. சிறிய சி.ஆர். 90 கப்பலுக்கு அந்தச் சுற்றின் கட்டளையை அந்தச் சுற்றிலேயே தரலாம். ஸ்டார் டெஸ்ட்ராயர் என்ற பெரிய கப்பலுக்கு, அடுத்தடுத்த சுற்றுகளுக்கான மூன்று டயல்களை அடுக்கிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆட்டமே ஆறு சுற்றுதான். இங்கே மறைவு எதிரியை மட்டுமல்ல, கட்டளை கொடுத்தவரையும் கட்டிப்போடுகிறது. இரண்டு சுற்றுக்கு முன் யோசித்தது இப்போது பொருந்தாமல் போகலாம்.

ஸ்டார் ட்ரெக் உலகில் நடக்கும் ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் 1979இலேயே மறைப்பதற்கு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு முறையும் கப்பலின் மின்சக்தியை எஞ்சின், கவசம், ஆயுதம் என்று பிரித்து ரகசியமாக எழுத வேண்டும். அதில் வரும் ரோமுலன்கள் என்ற இனத்திடம் போலி பிளாஸ்மா டார்பிடோ உண்டு. உண்மையானதைப் போலவே துரத்தி வரும். அதைப் பார்த்துத் திரும்பி ஓடுவதா, நின்று வாங்குவதா? நல்ல மறைவுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. டார்பிடோ வருவது கண்ணுக்குத் தெரிகிறது, அது பொய்யாக இருக்கலாம் என்பதும் தெரிகிறது, முடிவு மட்டும் நம் கையில்.

சரி, கப்பல் எங்கே என்பதையே மறைத்தால்? கடற்போர் ஆட்டங்களின் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. ஆனால் விண்வெளியில் ஒளிவது பெரும்பாடு. மனிதர் வாழும் கப்பல் ஏறக்குறைய 300 கெல்வின் வெப்பத்தில் இருக்கும், பின்புல வானமோ 2.7 கெல்வின். அகச்சிவப்பில் பார்த்தால் கப்பல் ஒளிர்ந்துகொண்டிருக்கும், எஞ்சினைப் போட்டால் கேட்கவே வேண்டாம். இயற்பியலை விடுங்கள், ஆடும் சிரமம் அதைவிடப் பெரிது. இருவரும் தனித்தனி வரைபடத்தில் ஆட வேண்டும், இரண்டையும் பார்க்க நடுவர் வேண்டும். நடுவர் கிடைக்கும் குழுவுக்கு இது அருமையான அனுபவம். இரண்டே பேர் என்றால் வேண்டாம். ஃபுல் த்ரஸ்ட் என்ற ஆட்டம் இதில் இடைவழி எடுக்கிறது. தொலைவில் உள்ள கப்பலுக்குப் பதில் அடையாளம் தெரியாத ஒரு குறியை வைக்கலாம், சென்சாரில் சிக்கும்போது கப்பலாக மாற்றிக்கொள்ளலாம். இடம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இரண்டே பேர் ஆடும்போது நான் இதையே எடுப்பேன்.

அந்த வழியை முழு ஆட்டமாகவே வளர்த்தெடுத்தது 2011இல் வந்த ஸ்பேஸ் எம்பயர்ஸ். வரைபடத்தில் எதிரியின் கவுன்டர்கள், அதாவது கப்பல்களைக் குறிக்கும் அட்டைச் சில்லுகள், முகம் தெரியாமல் நகரும், சண்டை வந்தால்தான் திருப்புவார்கள். சிறிய ஸ்கவுட் கப்பலைக் கட்ட 6 புள்ளி, பெரிய டிரெட்நாட்டுக்கு 24. சண்டைக்கு உதவாத போலிக் கப்பலுக்கு வெறும் 1 புள்ளி. எல்லையில் நான்கு கவுன்டர்கள் வந்து நின்றால் அது 4 புள்ளி ஏமாற்றா, 96 புள்ளிப் படையா? பயந்து நாம் கட்டும் ஒவ்வொரு பாதுகாப்புக் கப்பலும் எதிரிக்கு இலாபம். பொய்க்கும் ஒரு விலை வைத்ததால்தான் இங்கே மறைவு வெறும் இருட்டாக இல்லாமல் பொருளாதாரமாகிறது.

இதற்கும் ஒரு குறை உண்டு. வாங்கிய தொழில்நுட்பம், செலவு எல்லாவற்றையும் ரகசியத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவரும் மூன்றாம் சுற்றில் கூட்டலைத் தவறவிட்டால், ஆட்டம் முடிந்து தாள்களை ஒப்பிடும்போதுதான் தெரியும். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் ஆட்டத்தில் தாள்களைத் திறந்தே வைத்து ஆடுங்கள், கவுன்டர்களை மட்டும் கவிழ்த்து வையுங்கள். நீண்ட ஆட்டங்களில் இரண்டு பொருளாதாரச் சுற்றுக்கு ஒருமுறை தாளிலுள்ள பழைய செலவு மொத்தங்களை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டிச் சரிபார்த்துக்கொண்டால் பிழை அங்கேயே பிடிபடும். செலவழித்த மொத்தம் வெளியே தெரிந்தாலும், எதை வாங்கினார் என்பது தெரியாத வரை ஆட்டத்தின் சூடு குறையாது.