எந்தத் தேவ்தாஸ்: பிமல் ராயுடையதா, பன்சாலியுடையதா?

சரத்சந்திரர் 1917-இல் வெளியிட்ட வங்க நாவல் 'தேவ்தாஸ்' எத்தனையோ முறை படமாகிவிட்டது. ஆனாலும் இந்திப் படம் என்றால் பேச்சு கடைசியில் இரண்டில்தான் வந்து நிற்கும். ஒன்று 1955-இல் பிமல் ராய் இயக்கியது. மற்றது 2002-இல் சஞ்சய் லீலா பன்சாலி எடுத்தது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாடி வைத்துச் சால்வை போர்த்தியவனைக் கண்டால் நம் ஊரில் வைக்கிற பட்டப்பெயரே அதுதானே? அதனால் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்வி: தவறு யாருடையது? நாவலில் விடை சுலபம். பாரு தேவ்தாஸின் பக்கத்து வீட்டுப் பெண். ஆனால் அவள் குடும்பம் பெண்ணுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கட்டிக்கொடுக்கிற குடும்பம் என்பதால் தேவ்தாஸின் ஜமீன் வீடு சம்பந்தத்துக்கு மறுக்கிறது. நடுராத்திரியில் மானத்தையும் பாராமல் அவள் தேவ்தாஸின் அறைக்கே வந்து கேட்கிறாள். அவனோ கல்கத்தாவுக்கு ஓடிப்போய், உன்மேல் எனக்குப் பெரிதாக ஆசை இருந்ததில்லை என்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதிப் போடுகிறான். தபாலில் போட்டபின் மனம் அடித்துக்கொள்கிறது. கோழைத்தனம், அவ்வளவுதான். பிமல் ராய் இதை மூடி மறைக்கவில்லை. திலீப் குமாரின் தேவ்தாஸ்மேல் இரக்கம் வரும், கூடவே எரிச்சலும் வரும்.

பன்சாலி பழியில் பாதியைத் தூக்கி அண்ணி தலையில் போட்டுவிடுகிறார். அண்ணி தூபம் போடுகிறாள், பாருவின் தாயை விருந்தில் ஆடவைத்து எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்கள், அப்பா உறுமுகிறார். மாலை நேர மெகா சீரியல் போல ஆகிவிடுகிறது. நியாயமாகச் சொன்னால், அந்த விருந்துக் காட்சியில் தாயாக வரும் கிரண் கேர் பொங்கி எழுந்து சபிக்கும் இடம் படத்தின் மிக உயிருள்ள இடங்களில் ஒன்று. ஆனால் வில்லிகள் வந்தவுடன் ஷாரூக் கான் வெறும் பாதிக்கப்பட்டவராகிவிடுகிறார். அப்புறம் அவர் குடிப்பதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

இரு பெண்களும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். நாவலில் பாருவும், தேவ்தாஸை நேசிக்கும் தாசியான சந்திரமுகியும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. பிமல் ராய் ஒரு சின்னக் காட்சியைச் சேர்த்தார். பாரு பல்லக்கில் போகிறாள், சந்திரமுகி எதிரே நடந்து வருகிறாள். இருவர் கண்களும் ஒரு கணம் சந்திக்கின்றன. வசனம் கிடையாது. பார்ப்பது யாரை என்று இருவருக்குமே தெரியாது, நமக்குத் தெரியும். சுசித்ரா சென்னும் வைஜெயந்திமாலாவும் முகத்தாலேயே அதை முடித்துவிடுகிறார்கள்.

பன்சாலி அதே சந்திப்பை ஒரு பெரிய விழாவாக்கினார். துர்கா பூஜைச் சிலைக்கு தாசி வீட்டு வாசல் மண் வேண்டும் என்பது வங்காளத்து வழக்கம். அந்த மண்ணைக் கேட்கும் சாக்கில் பாரு சந்திரமுகியின் வீட்டுக்கே போகிறாள். அருமையான யோசனை, ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு பூஜையில் ஐஸ்வர்யா ராயும் மாதுரி தீட்சித்தும் 'டோலா ரே' ஆடுகிறார்கள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இன்னொரு பெருவீட்டு மருமகளாகிவிட்ட பாரு சபை நடுவே இப்படி ஆடலாம் என்றால், நடுராத்திரியில் அவள் தேவ்தாஸின் அறைக்கு வந்தது என்ன பெரிய துணிச்சல்? ஆட்டம் முடிந்ததும் சந்திரமுகி யார் என்று பாருவின் புகுந்த வீட்டு உறவினன் காளிபாபு போட்டு உடைக்கிறான். அவனுக்கு மாதுரி கொடுக்கும் பதிலடிக்காக மட்டும் பன்சாலியை மன்னிக்கலாம்.

சந்திரமுகி என்று வந்தால் போட்டி உண்மையிலேயே கடினம். வைஜெயந்திமாலா திருவல்லிக்கேணியில் பிறந்தவர். இந்தப் படத்துக்காகக் கிடைத்த பிலிம்பேர் துணை நடிகை விருதை, தன் பாத்திரமும் நாயகிக்குச் சமமானதுதான் என்று சொல்லி ஏற்க மறுத்தார். படத்தைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். மாதுரியிடம் முதிர்ச்சி கூடுதல். இதில் மட்டும் நான் மாதுரி பக்கம். தேவ்தாஸின் நண்பன் சுன்னிலாலாக 1955-இல் வந்த மோதிலாலுக்கு முன்னால் ஜாக்கி ஷராப் நிற்க முடியாது. சிரித்துக்கொண்டே நண்பனைக் குழியில் இறக்குகிற மனிதர் மோதிலால்.

பாட்டில் 1955 படத்தின் இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன், பாடலாசிரியர் சாஹிர் கூட்டணிக்கே என் ஓட்டு. தலத் மஹ்மூதின் 'மித்வா' ஒன்று போதும். ஆனால் 2002-இல் இஸ்மாயில் தர்பார் இசையில் ஷ்ரேயா கோஷல் அறிமுகமானதையும் சொல்லியாக வேண்டும்.

முடிவுக் காட்சியில் தேவ்தாஸ் பாருவின் வீட்டு வாசலில் உயிர்விடுகிறான்; பாரு ஓடிவர, பெரிய கதவு மூடிக்கொள்கிறது. இயக்குநர் பரூவா 1930-களில் எடுத்த பதிப்பிலிருந்தே வரும் காட்சி இது. சைகல் நடித்த அந்த இந்திப் பதிப்புக்கு ஒளிப்பதிவு செய்தவரே பிமல் ராய்தான். இருபது வருடம் கழித்துத் தானே இயக்கும்போது அதை அடக்கியே எடுத்தார். பன்சாலி நீண்ட முந்தானை தரையில் புரள, மாளிகை முழுக்க ஐஸ்வர்யாவை ஓடவிடுகிறார். ஒருமுறை பார்க்கப் பிரமிப்பு, அடுத்த முறை முந்தானைதான் கண்ணில் படுகிறது.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் 1955. இரண்டுக்கும் நேரமிருந்தால் 2002-ஐ முதலில் பாருங்கள். பெரிய திரை கிடைத்தால் இன்னும் நல்லது, செலவழித்த காசு அப்போதுதான் தெரியும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் இந்தியைத் தாண்டி வாருங்கள்: நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்து 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'தேவதாஸ்'. கண்டசாலாவின் 'உலகே மாயம்' இருக்கும்வரை, வடக்கத்தியப் படம் இரண்டையும் இந்த ஊர்ப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.