பெயர் தமிழில் இருந்தால் திறக்காத படம்: ஓபன்சிவி, பில்லோ, மாங்கோடிபி குறித்த நீண்டகால அனுபவம்

கேரளத்துப் புனலூரில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் குடும்பத்தின் பழைய ஆதாரங்களையும் (நிலப் பத்திரங்கள்) வரி ரசீதுகளையும் படமெடுத்து, பெயரையோ சர்வே எண்ணையோ கொடுத்தால் தேடியெடுக்கும்படி ஒரு தொகுப்பாக்க விரும்புகிறார். பைத்தான் நிரல்மொழியில் படங்களைக் கையாளும் நிரல் நூலகங்களான ஓபன்சிவி, பில்லோ, தகவலைச் சேமிக்கும் தரவுத்தளமான மாங்கோடிபி ஆகிய மூன்றையும் நம்பி இறங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். செங்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்துக்கு இதே மூன்றையும் கொண்டு நான் எழுதிக் கொடுத்த நிரல் சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அண்மையில் அங்கிருந்த கணினி பழுதாகி, எல்லாவற்றையும் வேறோர் இயந்திரத்தில் மறுபடியும் நிறுவ நேர்ந்ததால், நினைவும் கோபமும் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளை என்ன செய்யும் என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அன்றாடம் பயன்படுத்தினால் மட்டுமே தெரியவருபவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். ஆகவே இங்குள்ள பல குடும்பங்களின் பீரோக்களில் சங்கு முத்திரை பதித்த தாளில் மலையாள எழுத்தில் எழுதி, கேரளத்து ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டைக் குறித்த ஆதாரங்களும், பிற்காலத்துத் தமிழ்ப் பத்திரங்களும் ஒரே கட்டில் கிடக்கின்றன. மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்திருக்கும். குற்றாலச் சாரலின் ஈரம் ஏறி ஓரங்களில் பழுப்புக் கறை படர்ந்திருக்கும். இந்தத் தாள்களைப் படிக்கும்படியாக்குவதுதான் முதல் வேலை. அந்த வேலையில் ஓபன்சிவி எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன்.

படம் முழுவதற்கும் ஒரே வரம்பை வைத்துக் கறுப்பு, வெள்ளை என்று பிரிக்கும் முறைகளில் ஓட்சு என்பவர் 1979இல் வெளியிட்ட முறை புகழ்பெற்றது. புதிய அச்சுத்தாளுக்கு அது போதும். பாதித் தாள் கறையாகவும் பாதித் தாள் வெளிறியும் இருக்கும் ஆதாரத்தில், கறை முழுவதையும் மையாக எண்ணி அது கறுப்பாக்கிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தனி வரம்பு கணிக்கும் தகவமை முறை ஓபன்சிவியில் ஒரே கட்டளையாக இருக்கிறது. அந்த அக்கம்பக்கத்தின் அளவை ஒற்றைப்படை எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வருடலுக்கு 31 என்ற அளவும், கழிக்க வேண்டிய மாறிலியாக 15உம் எங்கள் தாள்களுக்குப் பொருந்தின. அதற்கு முன் படத்தைச் சாம்பல் நிறமாக மாற்றாமல், சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்தெடுத்தால் இன்னும் நன்று. பழுப்புக் கறை சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்புவதால் அந்தத் தடத்தில் வெளிறிவிடும். கறுப்பு மை எல்லாத் தடங்களிலும் கறுப்பாகவே நிற்கும். ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைப்பதால், சிவப்பு மூன்றாவதாக வரும் என்பதை மறக்கக் கூடாது. கண்ணால் படிக்க முடியாதென்று ஒதுக்கிவைத்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் எல்லைக் குறிப்பு திரையில் எழுந்து வந்தபோது, எழுத்தர் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு வாசித்தார். அந்த ஒரு வரியைக் கொண்டே ஒரு வாய்க்கால் கரை யாருக்குரியது என்பது தெளிவாயிற்று.

இத்தனை நுட்பமான நூலகத்தால் விண்டோஸ் கணினியில் ‘புளியரை கிரயம்.jpg’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. படத்தைப் படிக்கும் இம்ரீட் கட்டளை கோப்பின் பாதையை விண்டோஸின் பழைய குறியேற்ற வழியிலேயே திறக்கப் பார்ப்பதால், தமிழோ மலையாளமோ கலந்த பாதை அதற்குப் பிடிபடுவதில்லை. லினக்ஸில் இதே பெயர் தடையின்றித் திறக்கிறது. திறக்காததைவிட, திறக்கவில்லை என்று உரக்கச் சொல்லாததே எனக்குப் பெருங்குறை. பிழை எழுப்பி நிரலை நிறுத்தாமல், ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது. புதிய பதிப்புகள் முனையம் எனும் கட்டளைத் திரையில் ஓர் எச்சரிக்கை வரியை அச்சிடுவது உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் பொத்தானை அழுத்தி ஓட்டும் நிரலுக்கு முனையமே கிடையாது. அந்த எச்சரிக்கையை யார் பார்ப்பார்கள்? நாலு படி தாண்டி, நிறம் மாற்றும் கட்டளை வெற்றுப் படத்தைக் கண்டு முறிந்து விழும்போதுதான் கோளாறு வெளிவரும். அப்போதும் பிழைச்செய்தியில் கோப்பின் பெயர் இராது.

மாற்று வழி இருக்கிறது. நம்பை நூலகத்தின் ஃப்ரம்ஃபைல் கொண்டு கோப்பை வெறும் பைட்டுகளாக வாசித்து, அவற்றை இம்டிகோட் கட்டளையிடம் கொடுத்தால் படம் வந்துவிடும். சேமிக்கும்போது இம்என்கோட் செய்து, கிடைத்த பைட்டுகளைப் பைத்தான் வழியாக எழுத வேண்டும். இந்த இரண்டையும் தனிச் செயற்கூறுகளாக எழுதி, வெற்று மதிப்பு வந்தால் கோப்பின் பெயரோடு பிழை எழுப்பும்படி செய்துவிட்டால் பிறகு தொல்லையில்லை. அப்படியானால் இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கி, இன்று அப்பாச்சி 2 உரிமத்தில் எவரும் விலையின்றிப் பயன்படுத்தும்படி திறந்துகிடக்கும் ஒரு நூலகத்தின் மேல் குறை சொல்வது நியாயமா என்று நானும் யோசிப்பதுண்டு. ஆனாலும் ‘கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள்’ என்ற அறிவுரையை ஏற்க என்னால் இயலவில்லை. ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் தமிழில் எழுதியே நாற்பது ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், படத்தைத் திறப்பதற்காகத் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மாற வேண்டியது நிரல்தான்.

படத்தின் மேல் தமிழில் எழுதுவதிலும் இதே கதை தொடர்கிறது. ஓபன்சிவியின் புட்டெக்ஸ்ட் கட்டளைக்குத் தமிழ் எழுத்துகள் தெரியாது, கேள்விக்குறிகளே விழும். பில்லோ தமிழ் எழுத்துருவை ஏற்கிறது. ஆனால் ராக்ம் என்ற எழுத்தமைப்புப் பொறி துணையில்லையென்றால், ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே போகாமல் பின்னே நிற்கும். விண்டோஸில் அந்தப் பொறி இயங்க ஃப்ரிபிடி என்ற கோப்பைத் தனியாகத் தேடி வைக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படங்களில் வேறொரு முரண் உண்டு. எந்தப் பக்கம் மேல் என்பதைக் குறிக்கும் எக்சிஃப் குறிப்பை ஓபன்சிவி தானாகவே மதித்துப் படத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பில்லோ நாம் கேட்டால்தான் திருப்புகிறது. ஒரே படம் ஒன்றில் நிமிர்ந்தும் மற்றொன்றில் படுத்தும் வருவதற்கு இதுவே காரணம். சாய்ந்த தாளை நேராக்க உதவும் சிறும செவ்வகக் கட்டளை தரும் கோணத்தின் எல்லை 4.5.1 பதிப்பில் மாறியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாடங்களிலிருந்து சூத்திரத்தை அப்படியே எடுத்தால், சிறிது சாய்ந்த தாள் முழுதாகப் புரண்டு படுத்துக்கொள்ளும்.

மாங்கோடிபிக்கு வருகிறேன். கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், விலை, நான்கெல்லை இருக்கும். பாகப்பிரிவினையில் எத்தனை பங்குதாரர் வருவார்கள் என்பது குடும்பத்தைப் பொறுத்தது. ஒற்றிக்குத் தவணை உண்டு. வரி ரசீதில் தண்டப்பேர் எண்ணும் (நிலவரிக் கணக்கு எண்) தொகையும் தவிர வேறொன்றும் இராது. இவற்றை அட்டவணைகளில் அடைக்க முயன்றால் பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஆவணத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு தாளும் தன்னிடம் உள்ளதை மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. கொல்லம் ஆண்டுச் சிக்கலும் இதனால் எளிதாயிற்று. சிங்கம் முதல் தனு மாத நடுவரை 824உம், அதற்குப் பின் 825உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தாளில் உள்ளபடியே ‘1112 கன்னி’ என்பதைச் சரமாகவும், கணித்த 1936ஐ எண்ணாகவும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து வைத்தேன். நேரடியாகத் தேதிப் புலத்தில் 1112 என்று போட்டிருந்தால், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பத்திரம் என்று எந்த மறுப்புமின்றி அது ஏற்றுக்கொண்டிருக்கும். படங்களை மட்டும் தரவுத்தளத்துக்குள் வைக்க வேண்டாம். ஓர் ஆவணத்தின் உச்ச அளவு 16 எம்பி. 300 டிபிஐ ஏ4 பக்கம் சுருக்கப்படாத வண்ணப் படமாக 26 எம்பியைத் தாண்டும். வட்டில் படமும் தளத்தில் அதன் பாதையும் இருப்பதே நலம்.

ஆனால் தேடலில் ஓர் இடறல் உண்டு. இதுவும் சொல்லாமல் நேர்வது. ‘செங்கோட்டை’ என்ற பெயரில் உள்ள ‘கோ’வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தளம் பைட்டுகளை ஒப்பிடுவதால், ஒரு வகையில் எழுதித் தேடினால் மற்ற வகையில் எழுதப்பட்ட பத்திரங்கள் வரவே மாட்டா. உள்ளிடும்போதும் தேடும்போதும் பைத்தானின் யூனிகோட்டேட்டா கொண்டு என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ‘கௌரி’ என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதியிருந்தால் அந்த மாற்றமும் உதவாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தும்போது தமிழ் ஒப்பீட்டு வரிசையைக் கேட்டுப் பெறாவிட்டால், குறியெண்படி னகரம் பகரத்துக்கு முன்னே வந்துவிடும்.

பழுதான கணினிக்குப் பதிலாகக் கிடைத்தது பழைய செயலி கொண்ட ஓர் இயந்திரம். மாங்கோடிபி 5.0 முதல் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி வசதியுள்ள செயலியைக் கேட்கிறது. அந்த இயந்திரத்தில் அது இல்லை. 4.4 பதிப்பைப் போட்டு வேலையைத் தொடங்கினோம். அந்தப் பதிப்புக்கான ஆதரவோ 2024 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. ஓபன்சிவி அதே இயந்திரத்தில் முன்பு போலவே ஓடியது.

ஆகவே நான் இத்தனை குறை சொன்ன ஓபன்சிவியை நண்பர் தயங்காமல் எடுத்துக்கொள்ளட்டும். கறைபடிந்த தாளிலிருந்து எழுத்தை மீட்கும் வேலைக்கு அதைவிட நான் நம்பும் கருவி வேறில்லை. இத்தனை பாராட்டிய மாங்கோடிபியை ஒரு குடும்பத்தின் தொகுப்புக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பைத்தானோடு சேர்ந்தே வரும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் ஒரே கோப்பில் அடங்கும். ஜேசான் என்ற உரை வடிவில் தாளுக்குத் தக்க புலங்களை வைக்கவும் இடம் தரும். எந்தப் பழைய கணினிக்கும் நகலெடுத்துக்கொண்டு போகலாம். சோதித்துப் பார்க்க எனக்கு மாதிரிப் படங்களை அனுப்புவதானால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, மெல்லிய மைக்கோடுகள் முதலில் அழிந்துவிடும்.